கொட்டகலை பஜாரில் தேயிலைப் பெட்டிப் பூக்கள்

எந்த ஊருக்குப் போனாலும் தெருவோரப் பூந்தொட்டியின் அடியைக் குனிந்து பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. சென்ற பதிவில் நான் அப்படிக் குனிந்து நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, என்னத்தத் தொலைச்சீங்க?" என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். ஒன்றும் தொலைக்கவில்லை தம்பி. 1979 ஜூன் மாதம் கொட்டகலைக்குப் போய்வந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. மழைக்காலத்தில் மலையகம் போக நினைப்பவர்களுக்கும், சொந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து தெருவில் செடி வைக்க நினைப்பவர்களுக்கும் உதவும் என்பதால் முழுக்கதையையும் எழுதுகிறேன்.

அப்போது நான் பேராதனையில் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளர். என் பள்ளிக்கூடத் தோழி ரோஸ்லின் கொட்டகலையில் தமிழ்ப் பாடசாலை ஆசிரியை. ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சாந்தி, செடியெல்லாம் சாவுதுடி. திங்கக்கிழமை ஆபீசர் ஐயா வந்து பாக்குறாரு. கையில அகப்பட்ட பூங்கன்ன அள்ளிக்கிட்டு நாளைக்கே ரயிலேறு."

பேராதனையில் இருப்பவளுக்குச் செடிக்கா பஞ்சம் என்பது அவள் எண்ணம். அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருந்தேன் என்பதைத் தவிர எனக்கும் செடிகொடிக்கும் ஒரு உறவும் இல்லை. ஆனாலும் தோழி கேட்டுவிட்டாளே. அக்கம்பக்கத்து வீடுகளில் பல்லை இளித்து, செவ்வந்தியும் காசித்தும்பையுமாக இரண்டு கூடை நாற்றுச் சேர்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை முற்பகல் பேராதனைச் சந்தியில் பதுளை ரயிலைப் பிடித்தேன். கொட்டகலைக்கு அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்றார்கள், நாலு மணி நேரம் ஆனது. மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டே பயணம், ஏனென்றால் எனக்குக் கிடைத்த அரை ஆசனத்தில் கூடைகள் உட்கார்ந்திருந்தன. நாவலப்பிட்டியில் சுடச்சுட வடை வாங்கிச் சாப்பிட்டேன். நீங்கள் போகும்போதும் வாங்குங்கள், ரயில் நகரும்வரை மிச்சக் காசுக்குக் காத்திராமல் சில்லறையாகக் கொடுங்கள். எந்தப் பக்க ஜன்னல் நல்லது என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் நல்லதுதான், அதற்காக யாரோடும் சண்டைக்குப் போகவேண்டாம். ஹட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தால் இறங்கத் தயாராகுங்கள். எனக்கு வெளிச்சம் வரவில்லை, மழைதான் வந்தது.

ரோஸ்லின் இரண்டு குடைகளோடு நின்றாள். பஜாருக்கு நடந்தபடியே விஷயத்தைச் சொன்னாள். பஜாருக்குப் பின்னால் ஆற்றோரம் ஒரு பள்ளக்காணி, பொது நிலம், சும்மா கிடந்தது. அதில் ஊர்ச்சனங்களுக்கு ஒரு மரக்கறித் தோட்டம் போட வேண்டுமென்று இவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்திருந்தார்கள். லொறி நிறுத்த அந்த இடம் வேண்டும் என்று இன்னொரு தரப்பும் கேட்டது. பொறுப்பான அதிகாரி இவர்களிடம் ஒரு பேச்சுச் சொல்லியிருந்தார்: முதலில் பஜார் வீதியில் பூப்பெட்டி வைத்துக் காட்டுங்கள், மழையில் அவை உயிரோடு இருந்தால் காணியைப் பற்றிப் பேசலாம். இப்போது மழை வந்துவிட்டது, பெட்டிகளில் உயிர்தான் இல்லை.

மறுநாள் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பேக்கரி வாசலில் அவர்களுடைய கூட்டம். அதைக் கூட்டம் என்று யாரும் சொல்வதில்லை, பெரட்டு என்றுதான் சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதே பெரட்டு. ரோஸ்லின்தான் கணக்கப்பிள்ளை மாதிரி பேர் கூப்பிடுவாள். பிந்தி வந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. கூலியே இல்லாத வேலைக்கு அரைக் கூலி போட்டுச் சிரித்துக்கொள்வார்கள்.

பேக்கரி பண்டா முதலாளி தன் கடைக் கதவுப் பலகைகளில் வெண்கட்டியால் பஜாரைக் கோடு கிழித்து வைத்திருந்தார். எந்தக் கடை வாசலில் எந்தப் பெட்டி, யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருந்தது. சிக்கல் என்னவென்றால், தினமும் கடை திறக்கப் பலகைகளைக் கழற்றுவார், பூட்டும்போது மாற்றி மாட்டிவிடுவார். ஒருமுறை தையற்கடைக்கு உரிய பெட்டி சாராயக் கடை வாசலுக்குப் போய்விட்டதாம். அங்கே அதற்குத் தண்ணீர் ஊற்றப் பெரும் போட்டியாம்.

"லெட்சுமி," என்று ரோஸ்லின் கூப்பிட்டாள். பின்வரிசையில் சாக்கைத் தலையில் போட்டு நின்ற ஒரு பெண் உதட்டை அசைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க அக்கா."

"சத்தமாச் சொல்லி, இதுலயும் பேர வெட்டிட்டாங்கன்னா என்னங்க பண்ணுறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எனக்கு மட்டும் புரியவில்லை. ரோஸ்லின் பிறகு சொன்னாள்: லெட்சுமி அக்காவின் கணவர் இறந்து, கணவர் வீட்டார் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது இவர் போக மறுத்துவிட்டார். தேயிலைத் தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டி வேலையை நிறுத்தினார்கள். பேர் போனதும் குடியிருந்த லயத்துக் காம்பிராவும் அதன் பின்னால் இருந்த கையகல மரக்கறிப் பாத்தியும் போயின. மூன்று பிள்ளைகளோடு பஜாரில் ஒரு கடையின் பின்னறையில் இருந்தார். இந்தக் கூட்டத்தில் மற்றவர்களுக்கு மரக்கறித் தோட்டம் ஓர் ஆசை. அவருக்கு அது சட்டி அடுப்பேறும் விஷயம். யாரிடமும் கேளாமலே பள்ளக்காணியின் மூலையில் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸும் கோவா என்கிற முட்டைக்கோசும் போட்டிருந்தார். அது கூட்டத்துக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது.

இனிப் பெட்டிகள். பதினெட்டும் தேயிலைப் பெட்டிகள். பக்கத்துத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை நிரப்பிப் பெட்டி அடிக்கும் பெருமாள் அண்ணன், கழித்துப்போட்ட பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பச்சைப் பெயிண்ட், தகர விளிம்பு, எல்லாம் அழகு. உள்ளே செடிகள் மட்டும் மஞ்சளாகி, தண்டு கொழகொழத்துக் கிடந்தன. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பஸ் புகை என்றார் முதலாளி. கண்ணேறு என்று ஒருவர் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியே விட்டிருந்தார். பேராதனை நிபுணியான நானும் சும்மா இருப்பேனா, "மண்ணுல சத்து இல்ல போல," என்று சொல்லிவைத்தேன். காசா பணமா.

செத்த செடியைப் பிடுங்கிவிட்டு என் நாற்றுகளை நடலாம் என்று முடிவானது. லெட்சுமி அக்கா ஒரு பெட்டியைக் கூரைத்தண்ணீர் விழாத பக்கமாய் நகர்த்தப் பார்த்தார். நகரவில்லை. பெருமாள் அண்ணனும் கைகொடுத்து அசைத்தபோது உள்ளே தளக் தளக் என்றது.

"என்னங்கண்ணே, பெட்டிக்குள்ள கொளம் வெட்டியிருக்கீங்க?" என்றார் லெட்சுமி அக்கா.

பெருமாள் அண்ணன் கையை மண்ணுக்குள் முழங்கைவரை விட்டார். சேறும் நாற்றமுமாக எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஈயத்தாளு."

தேயிலைக்கு ஈரம் ஆகாது. அதனால் பெட்டிக்குள் ஈயத்தாள் விரிப்பார்கள். அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பெட்டி கழிவு, அடித்தவருக்குத் திட்டு. இந்தப் பதினெட்டும் கழிக்கப்பட்டதே ஈயத்தாள் கிழிந்திருந்ததால்தான். பெருமாள் அண்ணன் என்ன செய்தார்? ஊர் வேலைக்கு ஓட்டைப் பெட்டி கொடுப்பதா என்று, ஒவ்வொரு கிழிசலையும் தேடித் தாரை உருக்கி ஒட்டியிருந்தார். அப்படியே விட்டிருந்தால் தண்ணீர் வடிந்து செடி பிழைத்திருக்கும். அவர் ஒழுங்காக வேலை செய்ததுதான் கேடாகிவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ரோஸ்லின் தேற்றினாள்.

ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்தார்கள். லெட்சுமி அக்கா கை நீட்டினார்.

"வேணாம் தாயி. ஒட்டினவன் நான், ஓட்டையும் நானே போடுறேன்," என்றார் பெருமாள் அண்ணன். முதல் பெட்டியைச் சாய்த்து அடியில் ஆணியை வைத்துவிட்டு, அடிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். பழுப்புத் தண்ணீர் பீறிட்டு அவர் இடுப்புச் சாரத்தை நனைத்தது. பதினெட்டாவது பெட்டிக்கு வரும்போது கண் திறந்திருந்தது, "எவ்வளவு குடிச்சிருக்கு பாரு கள்ளு," என்று பெட்டியையே வையத் தொடங்கியிருந்தார்.

என் நாற்றுகள் பத்துப் பெட்டிக்குக்கூட ஒழுங்காகப் போதவில்லை. மிச்சத்துக்கு என்ன செய்வது என்று எல்லாரும் விழித்துக்கொண்டு நின்றபோது லெட்சுமி அக்காவைக் காணோம். அரைமணி நேரத்தில் ஒரு கூடை லீக்ஸ் நாற்றோடு வந்தார்.

ரோஸ்லின் பதறிவிட்டாள். "அக்கா, இது புள்ளைங்களுக்குப் போட்டதுல்ல? பெட்டியில வராமப் போனா ரெண்டும் போயிருமே."

"காணி கெடைக்கலேன்னா அங்க லொறிதானே டீச்சர் நிக்கும். லொறியா லீக்ஸு திங்கப்போகுது? நடுங்க."

திங்கட்கிழமை முற்பகல் அதிகாரி ஜீப்பில் வந்தார். நெட்டையான சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். செவ்வந்திப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் பதினோராவது பெட்டியில் நின்றார். பென்சில் குத்தியதுபோல் லீக்ஸ் வரிசையாக நின்றது.

"இது என்ன பூ?"

"லீக்ஸ், மாத்தயா," என்றார் பண்டா முதலாளி, ஏதோ ரோஜாவை அறிமுகப்படுத்துகிற தோரணையில்.

அதிகாரி ஈரமான புது மண்ணைக் குடைநுனியால் குத்திப் பார்த்தார். "நேத்து வச்சது. முந்தி வச்சது எங்க?"

பெருமாள் அண்ணன் முன்னால் வந்தார். "செத்துப்போச்சுங்க ஐயா. எங்க பக்கத்துப் பிழை," என்று தொடங்கி ஈயத்தாள் கதையை மறைக்காமல் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. "இந்த லீக்ஸ் எங்க வளர்ந்தது?" என்று மட்டும் கேட்டார்.

பொது நிலத்தில் கேளாமல் போட்டது என்று தெரிந்தால், லொறிக்காரர்களுக்கு வேறு காரணமே தேவையில்லை. முதலாளி, "நம்ம வீட்டு..." என்று இழுத்தார். லெட்சுமி அக்கா அவரைத் தாண்டி வந்து நின்றார்.

"அந்தப் பள்ளத்துலதாங்க. யாரையும் கேக்காமப் போட்டேன். எனக்குப் போட வேற எடமில்லீங்க."

அதிகாரி பள்ளத்தை நோக்கி நடந்தார், நாங்கள் எல்லாரும் பின்னால். சகதியில் என் செருப்பு ஒன்று போயிற்று, காலில் கடித்துத் தொங்கும் அட்டை இரண்டு கிடைத்தன. மூலையில் இருந்த பாத்திகளையும் பிடுங்கிய இடத்தில் கிடந்த குழிகளையும் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். முதலாளி பின்னாலேயே ஓடிவந்து காகிதத்தில் சுற்றிய சூடான பணிஸ் ரொட்டியை நீட்டினார். அதிகாரி வாங்கிக் கடித்தார்.

"லொறிக்கும் இடம் வேணும்," என்றார். "ரோட்டுப்பக்கப் பாதி லொறி. ஆத்துப்பக்கப் பாதி நீங்க. வருச முடிவில வருவேன். பெட்டி செத்திருந்தா மொத்தமும் லொறி." லெட்சுமி அக்காவிடம் திரும்பி, "அந்தக் குழியில திரும்ப ஏதாவது நடுங்க," என்றார்.

அவர் ஏன் இளகினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய் சொல்லாததாக இருக்கலாம், பணிஸாகவும் இருக்கலாம். லெட்சுமி அக்கா பாத்தி ஓரத்தில் குந்திவிட்டார். அன்று பின்னேர ரயிலில் ஒற்றைச் செருப்போடு பேராதனைக்குத் திரும்பினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் நொண்டியதே இல்லை.

இனிப் போகிறவர்களுக்கு. ஜூன், ஜூலையில் போனால் குடையை நம்பாதீர்கள், மழைக்கோட்டு வேண்டும். அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொள்ளுங்கள். ஹட்டனில் இறங்கிவிட்டால் ஆறு கிலோமீட்டர்தான், நுவரெலியா பக்கம் போகும் பஸ் எல்லாம் கொட்டகலை வழியாகத்தான் போகும். வெயில் வேண்டுமென்றால் ஜனவரி. தெருவில் பெட்டி வைக்கிறவர்கள் மண் போடுமுன் அடியில் ஓட்டை போடுங்கள், எவ்வளவு அழகான பெட்டியானாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு போடுங்கள்.

நான் மறுபடி போனது அடுத்த ஜனவரியில், இரு காலிலும் செருப்போடு. அதிகாரி சொன்னபடி வந்து, பெட்டிகள் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு பேக்கரி வாசலில் இல்லை, ஆற்றோரப் பாதியில் நடந்தது. வெயிலில் எல்லாரும் மண்வெட்டியோடு நின்றார்கள். வேலிக்கு அப்பால் லொறிக்காரர் ஒருவர் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். ரோஸ்லின் பேர் கூப்பிடத் தொடங்கினாள். பெருமாள் அண்ணன், முதலாளி, தையற்கடைக்காரர். பிந்திப்போன எனக்கு அரைப்பேர்.

"லெட்சுமி!"

"இருக்கேன்!"

லொறிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு யாரென்று எட்டிப் பார்த்தார்.