அப்பா பலாப்பழம் அறுத்த கோடை

மதிப்பிற்குரிய அம்மையீர்,

மருத்துவமனையில் எங்களைப் போன்ற புற்றுநோயாளிகளை அமர்த்தி, வலி வரும்வரை காத்திராமல் நேரப்படி மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்று தாங்கள் கற்பித்தபோது, நான் மட்டும் ஏன் சிரித்தேன் என்று வினவினீர்கள். பலர் முன்னிலையில் கூற இயலாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். நெய்வேலிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளைக் கவனிப்பது என் தந்தையின் பணி. அவருடைய இடுப்பெலும்பில் புற்று பரவியிருந்தது. எங்கள் பிளாக்கிலேயே குடியிருந்த செவிலியர் ஒருவர், வேலை முடிந்து திரும்பும்போது எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தி அவரைப் பார்த்துச் செல்வார். அவர் கொடுத்த மாத்திரைகளை அப்பா உட்கொள்ளாமல் தலையணை உறைக்குள் சேர்த்து வைத்தார். இதைவிடப் பெரிய வலி ஒன்று வரும், அன்றைக்கு வேண்டும் என்பது அவர் எண்ணம்.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தாய்மாமன் அவ்வாண்டும் பலாப்பழம் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் அதை அறுப்பவர் அப்பா ஒருவரே. பிறர் கத்தி வைக்க விடமாட்டார். அவரோ புரண்டு படுக்கவும் முடியாமல் கிடந்தார். கட்டிலில் கை பட்டாலே முகம் சுருங்கும் என்பதால், அம்மா என்னை அருகில் விடவில்லை. எனக்குப் பழம் வேண்டும். அதைவிட, அப்பா எழுந்து உட்கார வேண்டும்.

"பல்லைக் கடிச்சிகினு கெடந்தா எவன் மெடல் குடுக்கப் போறான் மச்சான்? பழம் அழுவிப் பூடும்" என்றார் மாமா. அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

அன்று மாலை அம்மா உறையை மாற்றும்போது மாத்திரைகள் தரையில் உதிர்ந்தன. அங்கிருந்த செவிலியர் கோபிக்கவில்லை. அவற்றைப் பொறுக்கித் தம் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து அமர்ந்தார்.

"அண்ணே, தண்ணி முழங்காலுக்கு வந்தப்பறந்தான் பம்பு போடுவீங்களா?"

"அது எப்படிங்க? மூணு ஷிப்டும் ஓடிக்கினே இருக்கணும். நின்னா அடியிலேருந்து பொத்துக்கினு வந்துடும். அப்பறம் எத்தினி பம்பு போட்டாலும் புடிக்க முடியாது."

"இதுவும் அப்படித்தாண்ணே. ஷிப்டுக்குச் சங்கு ஊதறப்பல்லாம் ஒண்ணு போடுங்க. வலிக்குதா இல்லையான்னு பாக்காதீங்க. அதுக்கும் மேல வலிச்சா எங்கிட்ட சொல்லுங்க. சொல்றதுல கொறச்சல் ஒண்ணுமில்ல."

அப்பா அவரிடம் ஒரு மாத்திரையை வாங்கி, அதைப் போட அம்மாவிடம் தண்ணீர் கேட்டார்.

மாமா சொன்னபடி அந்தப் பழம் அழுகித்தான் போயிற்று. அடுத்த பழம் வந்தபோது அப்பா சுவரில் சாய்ந்து அமர்ந்து, கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டு அதைப் பிளந்தார். முதல் சுளைகளைச் செவிலியருக்கென எடுத்து வைத்தார். அக்கோடை முழுவதும் அப்பா எங்களோடு அமர்ந்து உண்டார். கட்டிலில் எனக்கும் இடம் விட்டார்.

மழைக்காலத்தில் அவர் இறந்தார். எந்தச் சங்குக்கு மாத்திரை கொடுக்கத் தவறினீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தி அணைத்துக்கொண்டார்.

எந்தப் பம்பும் நிலத்தடித் தண்ணீரைத் தீர்த்துவிடுவதில்லை. மனிதர் உள்ளே இறங்கி வேலை பார்ப்பதற்காகவே அது ஓடுகிறது. அம்மாவிடம் தண்ணீர் கேட்ட அந்தக் கணத்திலேயே என் தந்தை இதை அறிந்திருந்தார். நான் அறியவில்லை.

தாங்கள் நேரப்படி என்றதும் அந்தச் சங்கு என் காதில் ஒலித்தது; அதனால்தான் சிரித்தேன். இப்போது என் மாத்திரைகளை நேரம் தவறாது உட்கொள்கிறேன். இவ்வாண்டுப் பழத்தை நானே அறுப்பேன். வகுப்பிற்கு வருவோர் படிப்பதற்காக, இதனைத் தங்களிடம் பத்திரமாக வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.