முட்டை இல்லை என்று சொன்னவள்

செய்தி வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பியூன் வாசலில் வந்து நின்றார். எப்போதும் சுற்றறிக்கையை நீட்டிக்கொண்டே வருகிறவர், அன்று வெறுங்கையோடு நின்றார். "ஞானம் டீச்சர் போயிட்டாங்கம்மா" என்றார். "எங்கே போயிட்டா? ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டேன். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது, எனக்குப் புரியவில்லை. முதல் பெஞ்சில் இருந்த ஒருத்தி எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

பள்ளி மலரில் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்றார் தலைமையாசிரியை. நல்லதாக மட்டும் எழுதினால் ஞானசுந்தரி கல்லறையிலிருந்து எழுந்து வந்து சண்டை போடுவாள். அதற்காகவாவது வரமாட்டாளா என்று இருக்கிறது எனக்கு. அவளோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவளிடம் படித்தவர்களுக்கும் தெரியும். முன்கோபி. வெடுக்கென்று பேசுவாள். ஸ்டாஃப் ரூமில் ஜன்னலை நான் திறந்தால் அவள் சாத்துவாள். ஆனால் அவள் வாயிலிருந்து பொய் என்று ஒன்று வந்து நான் கேட்டதில்லை.

நான் தமிழாசிரியை, அவள் அறிவியல். ஒருநாள் அன்னப்பறவை பாலையும் நீரையும் பிரித்துக் குடிக்கும் என்று நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்த வகுப்பிலிருந்து காது கொடுத்திருக்கிறாள். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது, "வேதா, நீ பாத்தியா?" என்றாள். "கவிகள் பாடியிருக்கிறார்கள்" என்றேன். "அவங்க பாத்தாங்களா?" என்றாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமை மாகறலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் ஊரிலிருந்து ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே அவள் அண்ணன் வளர்த்த வாத்து. "அன்னம் கெடைக்கல வேதா. இத வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்லி, தண்ணீர் கலந்த பாலைக் கிண்ணத்தில் ஊற்றினாள். வாத்து எல்லாவற்றையும் குடித்துவிட்டு என் புடவைமேலேயே அசிங்கம் செய்தது. சிரித்துச் சிரித்து எங்கள் இருவருக்கும் வயிறு வலித்தது.

அவளைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் நான் அந்த முட்டையைப் பற்றித்தான் சொல்வேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் என்று ஒரு நெசவாளர். அவர் மகன் குமரேசனுக்குத் தறிக்குழியில் கால் வைக்கப் பிடிக்கவில்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலைக்குப் போனான். ஒரு பொங்கலுக்கு ஊர் வந்தபோது தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டையாக ஒரு கல்லைக் கொண்டுவந்தான். அந்தக் காலத்து ராட்சசப் பல்லி டைனோசரின் முட்டை இது என்று தெருவெல்லாம் காட்டினான். தெரு சிரித்தது. அவன் கேலியைப் பொருட்படுத்தாமல் அம்மா செங்கம்மாவின் மடியில் வைத்து, "பத்திரமா வெச்சுக்கோம்மா, இது நெஜம்" என்று சொல்லிவிட்டுப் போனான். சித்திரையில் குவாரிச் சரிவு இடிந்து விழுந்தது. அவன் உடம்பை எடுக்கவே முடியவில்லை. செய்தி மட்டும்தான் வீட்டுக்கு வந்தது.

சில மாதம் கழித்து ஏகாம்பரம் எங்கள் பள்ளி வாசலில் வந்து நின்றார். சென்னையிலிருந்து பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வந்திருக்கிறார், கல்லைப் பார்த்துவிட்டார், முட்டைதான் என்று ஒரு சயின்ஸ் டீச்சர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார் என்றார். "காசுக்காவ இல்லம்மா" என்றவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ ராவும் பகலும் அந்தக் கல்லோடவே கெடக்குறா. அதுக்குப் பாலு, எண்ணெ, சந்தனம். எம் புள்ள செத்த சேதி வந்த நாள்லேருந்து ஒரு சொட்டு அழுவல. எங்கிட்ட பேச்சும் இல்ல. அது வூட்ட வுட்டுப் போனாத்தான் எம் பொண்டாட்டி எனக்குத் திரும்பக் கெடைப்பா. முட்டைன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா."

ஞானம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நெசவுக்கு நூல் பாவு விரித்திருந்த தெருவில் ஓரமாக ஒதுங்கி நடந்தோம். வீட்டுக்குள் அந்தச் சென்னைக்காரர் உட்கார்ந்திருந்தார், பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடியிருந்தார்கள். தண்ணீர் கொண்டுவந்த ஒரு பெண்மணி, "டீச்சருக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள். ஞானம் ஊரைச் சொல்லி, "சர்ச்சுத் தெரு" என்றும் சேர்த்துச் சொன்னாள். நீட்டிய தம்ளர் பாதியில் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தம்ளரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஞானம் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் செங்கம்மா மூலையிலிருந்து எழுந்து வந்து, யாரையும் பார்க்காமல், கல்லைக் கொண்டுவந்து ஞானத்தின் மடியில் வைத்தாள். "எம் புள்ள முட்டைன்னு சொன்னான். நீயும் சொல்லும்மா. ஆனா நான் குடுக்க மாட்டேன்" என்றாள்.

இப்படி ஒரு இக்கட்டு யாருக்கும் வரக்கூடாது. முட்டை என்றால் கல் போய்விடும், அந்தத் தாய்க்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. இல்லை என்றால் கல் இருக்கும், ஆனால் செத்துப்போன பிள்ளையைத் தெரு மறுபடியும் பார்த்துச் சிரிக்கும்.

சென்னைக்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பூதக்கண்ணாடியைக் கொடுத்து, "பாருங்க, மெல்லிசா ஓடு இருக்குது, முட்டை ஓடு மாதிரியே விரிசல் விட்டிருக்குது" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் ஓடு இருக்கத்தான் இருந்தது. சத்தியமாக முட்டை என்றே நினைத்தேன். ஞானம் கல்லைத் தறிக்குப் பக்கத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஓரிடத்தில் லேசாகக் கீறினாள். அந்த இடம் மாவாக உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, இதுக்கு தெனமும் என்ன பூசுறீங்க?" என்று கேட்டாள்.

"பாலு ஊத்துவேன். நல்லெண்ணெ தடவுவேன். அப்பால சந்தனம்."

"தேச்சுக் கழுவ மாட்டீங்களா?"

"தேச்சா வலிக்காதா அவனுக்கு?" என்றாள் செங்கம்மா.

ஓடு என்று நாங்கள் பார்த்ததெல்லாம் அந்தத் தாய் நாள்தோறும் பூசிப் பூசிக் காயவிட்ட சந்தனமும் எண்ணெயும் பாலும்தான். ஞானம் சென்னைக்காரர் பக்கம் திரும்பினாள். "இது முட்டை இல்லீங்க. முட்டை ஓடு நகத்துக்கு உதிராது" என்றாள். அவர் விடவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து பார்க்கலாம், நுரைத்தால் முட்டைதானே என்றார். "எங்க அண்ணன் வூட்டுச் சுண்ணாம்புச் சுவர்கூட நுரைக்கும். அதுவும் முட்டையா?" என்றாள். "ஒரு கையெழுத்துதானே டீச்சர், உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார் அவர். "செத்துப்போன பையன் பேரைச் சொல்லிப் பொய்க் கையெழுத்துப் போட எனக்கு வராதுங்க" என்றாள். அவர் எழுந்து போனார்.

ஏகாம்பரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அப்போ எம் புள்ள பொய் சொன்னானாம்மா?"

ஞானம் செங்கம்மாவின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா, ஒரே ஒரு தடவ இத முழுசாக் கழுவிப் பாக்கலாமா? நான் தொட மாட்டேன். நீங்களே செய்யுங்க."

செங்கம்மா கல்லை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு உள்ளே போய் வெந்நீர் விளாவிக்கொண்டு வந்தாள். கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலக் காலை நீட்டி உட்கார்ந்து, கல்லைக் காலின்மேல் போட்டுக்கொண்டு, சீயக்காய் வைத்துத் தேய்த்தாள். பழுப்புத் தண்ணீராக ஓடியது. சந்தன வாசனை வீடெல்லாம் பரவியது. உள்ளேயிருந்து வெறும் சாம்பல் நிறக் கல் வந்தது. அதன் ஒரு பக்கத்தில் செங்கம்மாவின் விரல் நின்றுவிட்டது. வரிவரியாக, வட்டமாகச் சுற்றிச் சுற்றி உள்ளே போகிற ஓர் அடையாளம். "இன்னாமா இது? கொழந்த தலையில சுழி மாதிரி இருக்குது" என்றாள்.

"அது ஒரு உயிரும்மா. நத்தை மாதிரி. அந்த ஊரெல்லாம் ஒரு காலத்துல கடலா இருந்துது. அது செத்து அடியில வுழுந்துடுச்சு. அதச் சுத்தித்தான் இந்தக் கல்லு கொஞ்சம் கொஞ்சமா வளந்திருக்குது" என்றாள் ஞானம். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "உங்க புள்ள பொய் சொல்லல. ஆயிரம் கல்லு கெடக்குற எடத்துல இதுக்குள்ள உயிர் இருந்துதுன்னு அவன் கண்ணுக்குத்தான் தெரிஞ்சுது. அவன் கண்டது சரி. வெச்ச பேருதான் தப்பு."

அப்போதுதான் செங்கம்மா அழுதாள். கல்லை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "என் ராசா, உன்னக் குளிப்பாட்டி அனுப்பக்கூட எனக்குக் குடுத்து வெக்கலியே" என்று அவள் கதறிய கதறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏகாம்பரம் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார். தம்ளரைப் பாதியில் நிறுத்திய பெண்மணியும் அழுதாள்.

திரும்பி வரும்போது ஞானம் கோயில் குளத்தருகே வந்ததும் குடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினாள். "முட்டையா இருக்கணும்னு ஜெபம் பண்ணிக்கினேதான் போனேன் வேதா. நகம் வெச்சதும் உதிந்துடுச்சு. சந்தனம் பூசுறது சுலபம். கழுவச் சொல்றதுக்குத்தான் வாய் வரமாட்டேங்குது" என்றாள். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் அன்று அந்தக் குளக்கரைக்கு வந்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்துச் செங்கம்மாவே கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு பள்ளிக்கு வந்தாள். "வூட்டுல இருந்தா திரும்பவும் பூசிடுவேன். உங்கிட்டயே இருக்கட்டும்" என்று கொடுத்தாள். அறிவியல் அறை அலமாரியில் அதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 'கடல் உயிரி பொதிந்த கல். கண்டெடுத்தவர்: ஏ. குமரேசன், பிள்ளையார்பாளையம்' என்று ஞானத்தின் கையெழுத்தில் அட்டை இருக்கும். ஒவ்வொரு வருஷமும் சித்திரையில் செங்கம்மா வருவாள். ஞானம் அலமாரியைத் திறந்துவிட்டு, அவள் தடவிப் பார்த்து முடிக்கும்வரை வெளியே நிற்பாள். குளக்கரையில் அவள் சொன்ன அந்தச் சந்தனப் பேச்சு எங்களுக்குள் ஒரு வழக்காகிவிட்டது. விழாக்களில் யாராவது யாரையாவது வானளாவப் புகழ்ந்தால், என் காதருகே குனிந்து, "சந்தனம் பூசுறாங்கடி" என்பாள். எத்தனை கூட்டத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் நான் திட்டு வாங்கியிருக்கிறேன்!

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது என் ஞானம் தலையணையில் இருக்கிற இடம் தெரியவில்லை. "பரவாயில்லையே, முகத்துல களை வந்திருக்கு. வைகாசியில ஸ்கூலுக்கு வந்துடுவ" என்றேன். என்னைப் பார்த்தாள். "சந்தனம் பூசாத வேதா" என்றாள். நான் உடைந்துபோனேன். "நீ போயிட்டா நான் யாரோடடி சண்டை போடுவேன்? ஜன்னலை யாரு சாத்துவா?" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் சிரித்தாள். "ம்... இப்பத்தான் கழுவியிருக்க" என்றாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். "சித்திரையில செங்கம்மா வரும். தொறந்து வுட்டுட்டு வெளிய நில்லு. கூடவே நிக்காத."

அவள் ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கொல்லைப்பக்கம் மறைப்புக் கட்டி, உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். செங்கம்மாவும் ஏகாம்பரமும் எனக்கு முன்பே பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பிள்ளையார்பாளையத்திலிருந்து சர்ச்சுத் தெருவுக்கு வந்து இப்படி ஒருத்தி நிற்பதை அந்த ஊர்ப் பெண்கள் பார்த்ததில்லை. செங்கம்மா ஞானத்தின் அண்ணியிடம் போய், "நான் குளிப்பாட்டுறேன்மா. எனக்குத் தெரியும்" என்றாள். அண்ணி சொம்பைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டாள். செங்கம்மா உட்கார்ந்து, ஞானத்தின் தலையைத் தன் கால்மேல் ஏந்திக்கொண்டு, முடியைப் பிரித்துவிட்டு, மெதுவாகத் தண்ணீர் ஊற்றினாள். உச்சந்தலையில் அவள் விரல் சற்று நின்றது. "இங்க பாரேன், இவளுக்கும் சுழி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முகம் வாடியிருக்கிறதே என்று யாரோ சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் செங்கம்மா கையால் மறித்தாள். "வேணாம்மா. அது மொகம் அது மொகமாவே போவட்டும்."

என்னிடம் இப்போது அந்த அலமாரிச் சாவி இருக்கிறது. சித்திரை பிறந்தால் செங்கம்மா வருவாள். நான் திறந்துவிட்டு, ஞானம் நிற்கிற இடத்தில் வெளியே நிற்பேன். அதுவரை ஸ்டாஃப் ரூம் ஜன்னல் திறந்தே கிடக்கிறது. சாத்த ஆளில்லை.