டெம்போவுக்கு வைத்த கொம்பு

ஸ்ரீவைகுண்டத்தில் நாங்கள் இருந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு பழைய டீசல் டெம்போ வைத்திருந்தார். வாழை இலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தச்சநல்லூர்க் கல்யாண வீடுகளில் இறக்குவார். வாடிக்கையாக இலை கேட்டது அங்கே சமையல் பார்த்த தவசுப்பிள்ளை ஒருவர்தான். அவர் ஒருநாள் இலையை முகர்ந்து பார்த்துவிட்டு மொத்தக் கட்டையும் திருப்பிவிட்டார்.

"இலையில புகை வாடை அடிக்கி வே. இன்னொரு தரம் இப்படி வந்தா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்" என்றாராம்.

வண்டியின் புகைக்குழாய் அடியில் பின்பக்கம் முடிந்தது. ஓடும்போது புகை பலகை இடுக்கில் ஏறி இலைக்குள் தங்கிவிடும். இவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒரு பழைய இரும்புக் குழாயை வாங்கி வந்து, வாசலிலேயே படுத்துக்கொண்டு, சைலன்சரோடு சேர்த்துத் தானே முடுக்கினார். சேர்த்த இடத்தில் சூடு தாங்கும் கல்நார்க் கயிற்றைச் சுற்றினார். டிராக்டரில் இருப்பதுபோலக் குழாய் கூரைக்கு மேலே நிமிர்ந்து நின்றது.

அடுத்த வீட்டு அண்ணாச்சி பார்த்துவிட்டு, "என்ன வே, வண்டிக்குக் கொம்பு முளைச்சிருக்கு? முட்டுமா?" என்று கேட்டார்.

"பக்கத்துல வந்து பாரும்" என்றார் இவர்.

ஆற்றுப்பாலம் வரை ஓட்டிப் பார்த்தார். புகையெல்லாம் தலைக்கு மேலேயே போய்விட்டது. மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு இலை போக வேண்டும். வண்டியை வாசலில் விட்டுவிட்டு, அறுத்துவரத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் தூறல் விழுந்தது. குழாய் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. சேரன்மகாதேவியில் என் பிறந்த வீட்டு வயலில் ஆயில் எஞ்சின் உண்டு. மழை வந்தால் அதன் குழாய் வாயில் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்ப்பது பெண்பிள்ளைகள் வேலை. டெம்போவில் ஏறிச் சிரட்டையைக் கவிழ்த்தேன். காற்றில் பறக்காதிருக்கச் சாக்குத் துண்டைப் போர்த்தி, நனைந்த வாழைநாரால் மூன்று முடிச்சுப் போட்டேன். அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. மழை வந்தால் கொடியில் காயும் துணியை எடுத்ததை யாராவது சொல்வார்களா?

காலையில் இலையை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினார். இரண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. மறுபடியும் அப்படியே. அண்ணாச்சி வந்தார், சுமை ஏற்றிய இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் எஞ்சினுக்குள் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். கொம்புதான் காரணம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இவர் குழாயைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தார். கழற்றிவிட்டால் இலையில் பழைய வாடைதான். முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மேலே சாக்குத் துண்டு கண்ணில் பட்டதும்தான், புகை போகும் வாயை நான் கட்டி வைத்தது நினைவுக்கு வந்தது. ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் அதுவரை நான் பேசியதே கிடையாது. பைய அவர் பக்கத்தில் போனேன்.

"இங்கேருங்க."

அவர் காதில் விழவில்லை.

"இங்கேருங்க. மேல நாந்தான் கட்டி வச்சேன்."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "மதினி கொம்புக்குத் தொப்பி போட்டிருக்காவ வே."

நார் இறுகிப்போயிருந்ததால் இலை அறுக்கும் கத்தியால்தான் வெட்ட முடிந்தது. வண்டியைக் கிளப்பியதும் கருப்பாக ஒரு புகை குபுக்கென்று வந்தது. பிறகு எஞ்சின் சீராக ஓடியது. அந்தச் சத்தம் தெரு முனை தாண்டும்வரை நான் அசையவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தவரிடம் கேட்கப் பயந்துகொண்டே தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவரே சொன்னார். தவசுப்பிள்ளை ஒரு இலையை விரித்து முகர்ந்துவிட்டு, ஆளைக் கூப்பிட்டு இலைக் கட்டுகளை இறக்கச் சொன்னாராம். அப்போதுதான் எனக்குப் பசி எடுத்தது.

பிறகு அவர் என் பழைய சிவப்புச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, இனிமே தொப்பி போட்டா இதையும் சேத்துக் கட்டு. என் கண்ணு முன்னால தொங்கணும்."

வண்டியை விற்கும்வரை மழை நாளெல்லாம் அப்படித்தான் கட்டினேன். முடிச்சு மட்டும் ஒன்றே ஒன்று.