அருந்ததி எனக்குத் தெரியவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். சாஸ்திரத்தைக் கேலி செய்கிறான் என்று யாராவது நினைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். அப்படி ஒரு எண்ணம் எனக்கில்லை என்பது சாமுண்டித் தாய்க்குத் தெரியும்.

எனக்குக் கல்யாணமான மறு வருஷம், மார்கழி மாதம். மகாராஜா ஆட்சி நடந்த காலம். மைசூர் மண்டி மொஹல்லாவில் நான் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தேன். எதிர் வீட்டில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் எனக்கு நெருங்கிய சிநேகிதர். கிறிஸ்தவர். நம் வழக்கங்களை ஆவலாக விசாரிப்பார்.

"கல்யாணத்துல பட்டப்பகல்ல அருந்ததி பாத்தீங்களே செட்டியாரே, நெஜமா தெரிஞ்சுதா?" என்று ஒருநாள் கேட்டார்.

"புரோகிதர் கையைக் காட்டினாரு, நான் தலையை ஆட்டினேன்" என்றேன்.

"ஹௌதா, அப்படியா! அப்ப நான் காட்டறேன், வாங்க."

அமாவாசையை ஒட்டி ஒருநாள், விடிவதற்கு வெகுநேரம் முன்பே இருவரும் சாமுண்டி மலை ஏறினோம். கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. பெரிய நந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாத்தியார் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் காட்டினார்.

"வால்ல நடுவுல இருக்கறது வசிஷ்டர். அவரை ஒட்டினாப்புல பொடிசா ஒண்ணு மினுக்குது பாருங்க. அதான் உங்க அருந்ததி."

எவ்வளவு உற்றுப் பார்த்தும் கலங்கலாக ஒரு புள்ளிதான் தெரிந்தது. பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அருந்ததி தெரியாதவனுக்கு ஆயுசு ஆறே மாதம் என்று ஹரிகதையில் கேட்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் குளிரிலும் வேர்த்துவிட்டது. வீட்டில் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. குழந்தை முகத்தைப் பார்ப்பேனோ மாட்டேனோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். வாத்தியார் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெருவுல தூரத்துல வர்றவங்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார்.

"நடையை வெச்சுத்தான். எல்லாரும் அப்படித்தானே?"

"அட சாமி! எல்லாரும் மூஞ்சியைப் பாத்துத்தான்யா!" என்றவர், தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டினார்.

என்னவென்று சொல்வேன்! ஆகாயத்தில் அங்கங்கே மங்கலாய் நாலைந்து திட்டுத்தான் நட்சத்திரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். எண்ண முடியாத நட்சத்திரங்கள் என்று பாட்டில் வருவதெல்லாம் அலங்காரப் பேச்சு என்றுதான் எண்ணம். இப்போது வானம் முழுக்க உப்பு வாரி இறைத்தாற்போல் கிடந்தது. வசிஷ்டருக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஒரு வெளிச்சம். கை தானாகக் கூப்பிக்கொண்டது. அதற்குப் பிறகு, அது என்ன, இது என்ன என்று விடியும்வரை அவரைத் துளைத்தெடுத்துவிட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே செட்டியாரே, கண்ணாடி உங்ககிட்ட இருக்கு" என்றார் பாவம்.

சித்திரையில் மகள் பிறந்தாள். சொந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தேன். இன்றைக்கும் எனக்கு ஒன்று தெரியவில்லை என்றால், இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரை உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டுவிடுகிறேன்.

இதைக் கேட்டவர்களில் சிலர் அம்மன் கண்ணைத் திறந்தாள் என்று மாற்றிச் சொல்கிறார்கள். சிலர் செட்டியார் அன்றோடு சாஸ்திரத்தை விட்டுவிட்டார் என்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் நாலு பேருக்குச் சொல்லும்போது எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். முக்கியமாக, நான் அத்தனை நட்சத்திரங்களையும் பார்த்துத் தீர்க்கும்வரை, ஒன்றும் தெரியாத கண்ணோடு என் சிநேகிதர் அந்தக் குளிரில் பொறுமையாக உட்கார்ந்திருந்ததை விட்டுவிடாதீர்கள்.