செல்வம் விட்டுவைத்த சாம்பல் பட்டை

இருபது வருடம் இருக்கும். வளைகுடாவில், புஜைராவில் எண்ணெய் டேங்குகளுக்குப் பெயிண்ட் எடுத்துக்கொடுக்கும் ஸ்டோரில் இருந்தேன். அங்கேதான் அந்த டச்சு ஓவியரைப் பார்த்தேன். எங்கள் இன்ஜினியரின் அப்பா. வெயிலில் சிவந்த மூக்கு, ஓலைத் தொப்பி. சொந்த ஊரிலேயே தன்னை யாருக்கும் தெரியாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அடிப்பூச்சாக அடித்த சாம்பல் பிரைமரும் புது வெள்ளையும் டேங்கின்மேல் சந்திக்கும் கோடு. அதைத்தான் ஒரு வாரமாக வரைந்துகொண்டிருந்தார். ரோலர் நகர நகரக் கோடும் நகர்ந்தது. தினமும் படத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு, விசிலடித்தபடி மறுபடி தொடங்குவார்.

கடைசி நாள். மாலைக்குள் டேங்க் முழுக்க வெள்ளையாகிவிடும்; கோடு மறைந்தால் படமும் போய்விடும். "ஒரு மணி நேரம் விட்டுவைக்கச் சொல்" என்று என்னிடம் கெஞ்சினார். சொன்னேன். பெயிண்ட் அடிக்கும் குளச்சல்காரன் செல்வம், ஒரு முழ அகலத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கம் போனான்.

"ஜல்தி பாய்! அது என்ன மிச்சம்?" என்று ஃபோர்மேன் கத்தினார்.

"பிரைமர் காயல பாய்" என்றான் செல்வம், முகம் மாறாமல்.

படம் முடிந்ததும் ஓவியர் அதைச் செல்வத்திடம் திருப்பிக் காட்டினார்.

"அண்ணே, கோடு கோணலால்லா இருக்கு! சொல்லுங்க அவருகிட்ட."

சொன்னேன். கிழவர் வெடித்துச் சிரித்தார். "கோணல் பெயிண்ட் அடித்த அவர் கையுடையது. நான் அப்படியே வரைந்தேன்."

பிறகு செல்வம் அந்தப் பட்டையையும் வெள்ளையாக்கினான். ஓவியர் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு, கடைசிச் சாம்பல் மறையும்வரை பார்த்திருந்து கைதட்டினார். படம் கிடைத்த சந்தோஷமா, கோடு மறைந்த சந்தோஷமா, இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.