எட்டடி கேட்ட மீன்

கடல் இல்லாத ஊரில் கடலை உண்டாக்கி, அது கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். திருப்பூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனி முதலாளிகளின் வீட்டிலும் ஆபீசிலும் இருக்கிற உப்புத் தண்ணீர் மீன் தொட்டிகளைப் பராமரிக்கிறேன். சிங்கப்பூரில் கடல் மீன் இறக்குமதி செய்கிற ஓரிடத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் ஊர் திரும்பியவன். அங்கே நாளெல்லாம் மீன்களோடு பேசிக்கொண்டிருந்தேன். இங்கே மீனை வைத்திருப்பவர்களோடு பேச வேண்டியிருக்கிறது. எது சுலபம் என்று கேட்காதீர்கள். ஏசி மெக்கானிக், இன்வெர்ட்டர்க்காரர், தண்ணீர் பியூரிஃபையர் சர்வீஸ்காரர் என்று அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றி வேலை செய்கிற யாராக இருந்தாலும், இதைப் படிக்கும்போது தலையில் அடித்துக்கொள்வீர்கள். தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள், துணைக்கு நான் இருக்கிறேன்.

சொல்லப்போவது ஒரே ஒரு மீனைப் பற்றி. நேசோ டாங் என்று பேர். சாம்பல் உடம்பு, சாயம் பூசினது போல ஆரஞ்சு உதடு, வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி மாதிரி முள். பவளப் பாறை ஓரமாக விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நீந்திக்கொண்டே இருக்கிற ஜாதி. நிற்கத் தெரியாது. வளர்ந்தால் ஒரு முழத்துக்குப் போகும். அவிநாசிபாளையம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் முன்னறையில், நாலரை அடித் தொட்டியில், உள்ளங்கை அகலக் குட்டியாக அதை விட்டவன் நான்தான். குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஊர் திரும்பியதும் கிடைத்த முதல் வாடிக்கை அது. முதலாளி ஆசைப்பட்டார். ஒரு வருஷத்துக்குள் எட்டடித் தொட்டிக்கு மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் மீன் தங்காது என்று சொன்னேன். தலையாட்டினார். நம்பிவிட்டேன்.

ஈசானிய மூலை

முதலாளி பழனிச்சாமி அண்ணன் நல்ல மனுஷர். மீன் வந்த மாதமே, நின்றுபோயிருந்த ஆர்டர் ஒன்று திரும்பி வந்ததாம். அன்றிலிருந்து வெளிநாட்டு பையர் வந்தாலும் முதலில் மீனைக் காட்டிவிட்டுத்தான் சாம்பிளைக் காட்டுவார். ஒரு வருஷத்தில் மீன் முக்கால் அடி ஆகிவிட்டது. தொட்டியின் இந்த முனையில் புறப்பட்டால் இரண்டு வால் வீச்சில் அந்த முனை வந்துவிடும். உடனே திரும்ப வேண்டும். மறுபடி இரண்டு வீச்சு, மறுபடி திரும்ப வேண்டும். பார்க்கிற எனக்குக் கழுத்து வலிக்கும். எட்டடியை நினைவுபடுத்தினேன். தொட்டி இருப்பது வாஸ்து பார்த்து வைத்த வடகிழக்கு மூலை, ஒரு பக்கம் வாசல், இன்னொரு பக்கம் சாமி படம், நடுவில் இருப்பதே நாலரை அடிச் சுவர்தான் என்றார்.

மீன் வளர்ப்பு பற்றிய ஆங்கிலக் கையேட்டில் 'வேண்டும்' என்று ஒரே போடாகப் போட்டிருப்பார்கள். அதையே நான் நம்ம ஊர் மரியாதையில் சொல்லும்போது, கொஞ்சம் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்குமுங்க என்று ஆகிவிடுகிறது. எச்சரிக்கையாகப் புறப்பட்டது போய்ச் சேரும்போது யோசனையாகிவிடும். யோசனை சொன்னவனுக்குக் காபி கொடுத்து அனுப்புவதும் நம்ம ஊர் மரியாதைதான். காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திக்கொண்டே அண்ணன் சொன்னார்:

"மீனுக்காக மூலைய மாத்த முடியுமுங்களா தம்பி? வேணும்னா நாலரை அடிக்குத் தகுந்த மாதிரி வளரச் சொல்லுங்க."

புரட்டாசி மாதத்து மீன்

நேசோ பெரும்பாலும் பாசி தின்கிற மீன். காய்ந்த கடல்பாசித் தாளைத் துணி கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டால், கிழித்துக் கிழித்துத் தின்னும். அந்த வேலையை, அங்கே ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசராக இருக்கிற ஜெனிஃபரிடம் ஒப்படைத்திருந்தேன். தூத்துக்குடிக்காரர், கடலைப் பார்த்து வளர்ந்தவர், மீன் விஷயத்தில் நம்பலாம். தன் மீன் சைவம் என்று தெரிந்ததும் அண்ணனுக்கு வந்த பூரிப்பைச் சொல்லி முடியாது. ஆனால் பாசி மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை பொடி இறாலும் வேண்டும் என்று ஆபீஸ் பிரிட்ஜில் ஒரு பொட்டலம் வைத்திருந்தேன். புரட்டாசி பிறந்த அன்று காலை பொட்டலம் வாசலுக்கு வெளியே வந்துவிட்டது. ஒரு மாதம் ஆபீசுக்குள் அசைவம் கூடாது, மீனுக்கும் சேர்த்துத்தான் சட்டம்.

மூன்றாவது வாரம் மீனின் தலைக்குப் பின்னால் குழி விழ ஆரம்பித்தது. ஓயாமல் நீந்துகிற உடம்புக்கு ஓயாமல் தீனி விழ வேண்டும். மீன் தூளும் பாசியும் கலந்த உருண்டைத் தீவனம் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனேன். டப்பா மேல் இறால் படம் பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே என்ன என்று அண்ணன் கேட்டால் என்ன சொல்வது என்று நான் வாசலிலேயே விழித்துக்கொண்டு நின்றேன். ஜெனிஃபர் டப்பாவை வாங்கி, அந்தப் படத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"சத்து மாத்திரைன்னு சொல்லிருங்கண்ணே. மாத்திரைக்குள்ள என்ன கெடக்குன்னு மனுசனே கேக்க மாட்டான்."

பேட்ச்

தூங்கி எழுந்த நேசோ திட்டுத் திட்டாக இருக்கும். பயந்தாலும் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஒரு நாள் அண்ணன் சீக்கிரம் வந்து தொட்டி விளக்கைத் தானே போட்டிருக்கிறார். அடுத்த நிமிஷம் என் போனுக்கு நாலு படம் வந்தது, துணியில் குறை கண்டுபிடித்து அனுப்புவார்களே, அந்த மாதிரி ஒவ்வொரு திட்டையும் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி. நான் போய்ச் சேரும்போது குவாலிட்டி ஆள், சாயத்தின் நிறம் சரிபார்க்கிற ஷேடு கார்டைக் கண்ணாடியில் வைத்து மீனோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். கார்டைக் கண்டு மீன் இன்னும் பயந்து, இன்னும் நாலு திட்டு கூடியிருந்தது.

கார்டை வாங்கி வைத்துவிட்டு விளக்கினேன். விளக்குப் போட்டதும் வருகிற திட்டு இயல்பு. ஆனால் இது பட்டப்பகலிலும் அடிக்கடி இப்படி ஆகிறதென்றால் நெருக்கடியில் மிரண்டு கிடக்கிறது என்று அர்த்தம், இதற்கு மருந்து இடம்தான் என்றேன். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு:

"துணியில இப்படி பேட்ச் வந்தா ரீ-டையிங் போட்டுருவமுங்க. மீனுக்கு என்னங்க போடறது?"

ஷட்டவுன்

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள், வர சாயங்காலம் ஆகும். கம்பெனியில் ஜெனரேட்டர் உண்டு. தையல் மெஷின், அயர்ன் டேபிள், அண்ணன் அறை ஏசி எல்லாம் ஓடும். தொட்டி லைனை மட்டும் அதில் சேர்க்கவில்லை. பம்பு நின்றால் தண்ணீரில் காற்று கலக்காது. தொட்டியில் கூட இருந்த நாலு சின்ன மீன்களும் ஒரு மாதிரி சமாளித்துவிடும், குட்டியாக இருந்தவரை நேசோவும் சமாளித்தது. வளர்ந்துவிட்ட, ஓடுகிற மீனுக்கு மூச்சு முட்டும். அப்படி ஒரு ஷட்டவுன் நாளில் ஜெனிஃபர் போன் செய்தபோது நான் அனுப்பர்பாளையத்தில் வேறொரு வீட்டுத் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டிருந்தேன். ஈரச் சட்டையோடு முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டிப் போனால், அவர் நாற்காலி மேல் ஏறி நின்று, ஜக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு, காபி ஆற்றுவது போல உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வரும்வரை நிறுத்தவில்லை, அப்புறம் கரண்ட் வரும்வரை இருவரும் மாறி மாறி ஊற்றினோம். மீன் பிழைத்தது அந்தக் கையால். கையோடு கம்பெனி எலக்ட்ரீஷியனைப் பிடித்து, ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுக்கச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்:

"நூத்தம்பது மெஷின் நிக்காம ஓடறதுக்கு வாங்குன ஜெனரேட்டருங்க இது. ஒத்த மீனு மூச்சு வுடறதுக்குமுங்களா?"

மாஸ்டர் போட்ட உப்பு

கோடையில் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். தொட்டித் தண்ணீர் ஆவியாகி மூன்று விரல் இறங்கியிருக்கிறது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும், அதனால் இறங்கின அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் போதும். இதைத் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றும் எழுதித் தொட்டி மேல் ஒட்டியே வைத்திருந்தேன். ஆனால் உப்பு என்று வந்துவிட்டால் இந்த ஊரில் சீட்டையா படிப்பார்கள்? டையிங் மாஸ்டரைக் கூப்பிடுவார்கள். துணியில் சாயம் ஏறுவதற்கு மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிற தொழில். அண்ணனின் சாயப்பட்டறை மாஸ்டர் சாதிக் பாய் நல்ல எண்ணத்தோடு வந்து, பட்டறை மூட்டையிலிருந்து உப்பை எடுத்து, பதமாகக் கரைத்து ஊற்றியிருக்கிறார். மறுநாளும் வந்து ஊற்றியிருக்கிறார். பிறகு காரத்தை அளக்கிற பி.ஹெச். தாளை நனைத்துப் பார்த்து, குறைச்சலாகத் தெரிந்ததால் கைப்பிடி சோடா ஆஷ். சாயத் தொட்டிக்கு முதலில் உப்பு, அப்புறம் சோடா. வரிசைகூட மாறவில்லை.

நான் போகும்போது நேசோ பம்பு வாய் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. நிற்கத் தெரியாத மீன் நின்றது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. உப்பு மீட்டர் காட்டிய அளவைப் பார்த்ததும் எனக்கு விட்ட காய்ச்சல் திரும்பி வந்தது. பதறிப்போய் ஒரேயடியாகக் குறைத்தால் அதிலேயே போய்விடும். சரியான கடல் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, நடுநடுவே வெறும் தண்ணீரைச் சொட்டவிட்டு, இரண்டு பகல் தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பட்டறை உப்பு வேறு, கடல் உப்பு வேறு, அதில் இன்னும் எத்தனையோ சத்து சேர்ந்திருக்கிறது என்று பாயிடம் விளக்கினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு, மீனை ஒரு பார்வை பார்த்தார்:

"தம்பி, முப்பது வருசமா உப்புத் தண்ணியிலதான் என் பொழப்பு. இன்னைய வரைக்கும் கம்ப்ளெயின்ட் பண்ணது உங்க மீன் ஒண்ணுதான்."

அறுத்த டேங்க்

மீன் பிழைத்தது. ஆனால் தளர்ந்த உடம்பைப் பார்த்து ஒட்டுண்ணி ஏறிக்கொண்டது. ஒரே வாரத்தில் ரவை தூவினது போல உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. செம்பு மருந்து கொடுக்க வேண்டும், தினமும் அளந்து. அதை முன்னறைத் தொட்டியில் போட முடியாது, உள்ளே இருக்கிற பவளம் செத்துவிடும். அந்த நாலு சின்ன மீன்களையும் சேர்த்து வெளியே எடுத்து, பழைய தொட்டியை மாதக்கணக்கில் மீனில்லாமல் போட்டால்தான் அங்கே இருக்கிற ஒட்டுண்ணியும் பட்டினியில் சாகும். எங்கே வைப்பது? கேண்டீனுக்குப் பின்னால், மாடியில் ஏற்றுவதற்காக ஐயாயிரம் லிட்டர் புது பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் இறக்கி வைத்திருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை அண்ணன் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஆளைக் கூப்பிட்டு, டேங்க்கின் மேல்பாதியை அறுத்துவிடச் சொன்னார். நான் எதிர்பார்க்கவே இல்லை. நிழலில் வைத்து, இரண்டரை அடி உயரத்துக்கு நிரப்பி, மீன்களை விட்டோம். நேசோ முதல் வாரம் அடியிலேயே கிடந்தது. தினமும் காலையில் ஜெனிஃபர் போன் செய்து, இருக்கு என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

மூன்றாவது வாரம் ஒரு மதியம். புள்ளிகள் உதிர்ந்துவிட்டிருந்தன. நேசோ டேங்க் சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தது. திரும்ப வேண்டிய மூலை வரவில்லை. சந்தேகத்தோடு இன்னொரு சுற்று வந்தது. அப்புறம் வால் வீச்சே மாறிப்போய், தண்ணீர் மேல் சுழி விழுகிற மாதிரி ஓட ஆரம்பித்தது. ராமநாதபுரத்துப் பெண்கள், ஒடிசா பையன்கள் என்று டிபன் பாக்ஸும் கையுமாகத் தையல் லைன் முழுக்க டேங்க்கைச் சுற்றி நின்றது. அண்ணன் வந்து, அறுத்த விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். மீனோடு சேர்ந்து அவர் தலையும் சுற்றி வந்தது. பையருக்கு மீனைக் காட்டும்போது இருக்கிற முகம் இல்லை அது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"ஏனுங் தம்பி, அப்ப இத்தன நாளா அது நீந்தவே இல்லீங்களா?"

பெரிய தொட்டி

அடுத்த நாளே வாஸ்துக்காரர் வந்தார். சாமி படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றினால் இன்னும் விசேஷம் என்று அவர் சொன்னதாக அண்ணன் சொன்னார். அண்ணன் சொல்லச் சொல்லித்தான் அவர் சொன்னார் என்று ஜெனிஃபர் சொன்னார். எப்படியோ சுவர் நீண்டது, எட்டடித் தொட்டி வந்தது. இரண்டு முனையிலும் நீரோட்டத்துக்குப் பம்பு, தொட்டிக்கென்று தனி ஜெனரேட்டர் லைன். புதுத் தண்ணீர் பக்குவப்பட ஆறு வாரம் காக்க வைத்தேன். தினமும் ஒரு தரம், இன்னைக்கு விட்டுடலாமுங்களா என்று கேட்டார். விடுகிற நாளில், வால் முள் வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால், வெட்டுத் துணி அடுக்குகிற பெரிய பிளாஸ்டிக் டிரேயை டேங்க்கில் முக்கி, மீனைத் தண்ணீரோடு அள்ளினோம். நான் ஒரு பக்கம் பிடித்தேன், சாதிக் பாய் மறுபக்கம். வரும்போதே, உப்பு எதுவும் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் பாய் டிரேயைத் தொட்டார்.

விட்டதும் நேசோ ஒரு ஓரமாக ஒதுங்கி, இடத்தை அளப்பது போல இருந்தது. பிறகு புறப்பட்டது. கண்ணாடி நெடுக ஓடி, அந்த முனையில் அகலமாக ஒரு வளைவு வளைந்து, அதே வேகத்தில் திரும்பி வந்தது. ஜெனிஃபர் பாசித் தாளை மாட்டினார், ஓட்டத்தை நிறுத்தாமலே வந்து ஒரு துண்டு கிழித்துக்கொண்டு போயிற்று. உடம்பில் திட்டு இல்லை, தலைக்குப் பின்னால் குழி இல்லை. எனக்கு இரண்டு வருஷத்து மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அண்ணன் பக்கத்தில் நின்று மூன்று நாலு ஓட்டம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் மனத்தாங்கலாகவே சொன்னார்:

"இத்தன ஓடற மீனுன்னு நீங்க மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க தம்பி."

இரண்டு வருஷமாக நான் வாயால் சொன்னதை அந்த மீன் ஒரே மதியத்தில் வாலால் சொல்லி முடித்துவிட்டது, சொல்லாமல் விட்ட குற்றம் மட்டும் என் பேரில் நிற்கிறது.