ஃப்ரிட்ஜுக்குள் கடைச் சாவி

என் அக்காவிடம் நாற்பத்தொரு பாட்டுகள் இருக்கின்றன. ஒன்றையும் அவள் முடித்ததில்லை.

கேலிக்குச் சொல்லவில்லை, நானே எண்ணிப் பார்த்தேன். எல்லாம் அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடையின் சீட்டுகளில் எழுதியவை. முன்பக்கத்தில் யாரோ ஒருவருடைய வலது கண் மைனஸ் இரண்டு, இடது கண் மைனஸ் இரண்டேகால். பின்பக்கத்தில் ஒரு பல்லவி, ஒன்றரைச் சரணம், அப்புறம் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

அவள் பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டாரை வைத்துக்கொண்டு தானே பாடுகிறாள். சொந்தக்காரர்கள் வந்தால் "எந்தப் படத்துல பாடறே?" என்று கேட்பார்கள். "என் படத்துல" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

கடையில் அவளுக்கு ஃபிரேம்களைச் சரிசெய்யும் வேலை. காலை பத்து மணிக்கு ஷட்டரைத் திறப்பதும் அவள்தான், அதனால் சாவி அவளிடமே இருக்கும். "கண்ணாடியை மாட்டிவிடறப்போ எல்லாரும் கண்ணை மூடிக்கிறாங்கடி. அறுபது வயசு ஆளுகூட. அந்த ஒரு நிமிஷம் அவங்க முகத்தைப் பாத்தா பாட்டு வந்துடும்" என்று ஒருநாள் சொன்னாள். வந்த பாட்டு இப்படித் தொடங்கும்:

கண்ணை மூடு, கொஞ்சம் பொறு,
காதோரம் இன்னும் இறுக்கம்.
மூக்கின் மேலே உலகம் உட்கார
ஒரு நிமிடம் ஆகும்.

எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. துணி அலமாரியின் இரண்டு கதவையும் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு அக்கா மைக் வைத்துப் பாடிப் பதிவு செய்வாள். அங்கே எதிரொலி வராது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஃப்ரிட்ஜ். அதன் ரீங்காரம் மைக்கில் விழுந்துவிடும். அதனால் பாடும்முன் ஃப்ரிட்ஜை அணைப்பாள். அணைத்ததும் கடைச் சாவியை அதற்குள்ளே வைப்பாள். சாவி இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, சாவியை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும், திறந்தால் உள்ளே விளக்கு எரியாது, உடனே சுவிட்சைப் போட்டுவிடுவாள். இரண்டு வருடமாக ஒருநாளும் தவறியதில்லை.

தவறினால் அம்மா சும்மா விடமாட்டாள். அம்மா ஆர்டருக்குக் கேக் செய்பவள். ஃப்ரிட்ஜில் பாதி இடம் அவளுடையது. "பத்து நிமிஷம். பதினோராவது நிமிஷம் நானே வந்து உன் வாயை மூடுவேன்" என்பதுதான் ஒப்பந்தம்.

ஊரில் ஒரு புத்தகக் கடையின் மாடியில் சின்ன அரங்கம் உண்டு. நாற்பது நாற்காலி. மாதத்தின் முதல் ஞாயிறு மூன்று பேர் தங்கள் சொந்தப் பாட்டைப் பாடலாம். அதை நடத்தும் தாடிக்காரர் அக்காவிடம் கண்ணாடி வாங்கியவர். அக்கா அவருக்கு இரண்டு முறை பாதிப் பாட்டு அனுப்பியிருந்தாள். மூன்றாம் முறை அவர் கடைக்கே வந்து சொன்னார்: "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள முழுப் பாட்டு அனுப்பும்மா. இதுதான் கடைசி. இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்."

வியாழன் காலை அக்கா அலமாரிக்குள் நின்று அந்தக் கண்ணாடிப் பாட்டைப் பாடினாள். நான் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். பள்ளி முடிந்து நான்கு மாதமாக எனக்கு நடப்பதுதான் வேலை. பல்லவி, சரணம், வழக்கமாக நிற்கும் கோடு. நிற்கவில்லை! கோட்டைத் தாண்டிப் போய், கடைசி வரி வரை பாடி முடித்தாள். துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு குளிக்க ஓடினாள்.

நான் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். சாவி இருந்தது. அக்காவுக்கு நேரமாகிறதே என்று அதை எடுத்து அவள் பைமேல் வைத்தேன். உள்ளே இருட்டாக இருந்தது என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. கையில் இருந்த போனில் ஒரு கல்லூரி விண்ணப்பம் பாதியில் நின்றிருந்தது. மனம் அதில் இருந்தது. அக்கா அவசரத்தில் சாவியையும் பையையும் அள்ளிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் நானும் வெளியே போனேன்.

காலையிலேயே டவுனுக்கு மாவு வாங்கப் போயிருந்த அம்மா மூன்று மணிக்குத் திரும்பியபோது ஃப்ரிட்ஜின் அடியில் தண்ணீர். உள்ளே, ஒரு டீச்சர் தன் மகளின் பிறந்தநாளுக்குச் சொல்லியிருந்த இரண்டடுக்குக் கேக், மேலடுக்கு சரிந்து கிரீம் வழிந்து கிடந்தது.

அன்று மாலை அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம். உனக்கு ஃப்ரிட்ஜ் கோணல்! அந்தக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சாவியை உள்ளேதாம்மா வச்சேன். எப்போ எடுத்தேன்னு ஞாபகமே வரலை."

"உனக்குப் பாட்டைத் தவிர எது ஞாபகம் வரும்? இனிமே இந்த வீட்ல பாட்டுக்காக ஒரு சுவிட்ச் அணையக் கூடாது."

நான் தேள் கொட்டிய திருடனைப் போல நின்றேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா சீட்டுகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குச் சனிக்கிழமை. பாட்டு அனுப்பலையா?" என்று கேட்டேன்.

"அழிச்சுட்டேன்டி."

"எதை?"

"நேத்துப் பாடினதை. ஒரு பாட்டை முடிக்க அம்மாவோட ஒரு நாள் உழைப்பு வீணாப் போச்சு. என்ன பண்றோம்னே தெரியாம ஒருத்தி பாடினா அதுக்குப் பேரு கலை இல்ல, திமிர்." பையின் வாயை முடிச்சுப் போட்டபடி சொன்னாள்: "முடியாத பாட்டு எல்லாமே நல்ல பாட்டுதான். முடிச்சாத்தான் அது எவ்ளோ சுமார்னு தெரியும். அந்தப் பயத்துலயே ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன். இதுவும் முடியாத பாட்டாவே இருக்கட்டும்."

"அக்கா, சாவியை எடுத்தது நான்" என்றேன். சமையலறைவரை கேட்கும்படி மறுபடியும் சொன்னேன்.

"எருமை!" என்று தலையணை பறந்து வந்தது. அதன் பின்னாலேயே அம்மா வந்தாள், கையில் கேக் தட்டோடு. "ரெண்டு நாளா வாயில தையல் போட்டிருந்தியா?"

"பயமா இருந்துச்சும்மா."

அம்மா அக்காவைப் பார்த்தாள். வைதவள் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "அழிச்சதை எடுக்க முடியாதா?"

"முடியாது."

"அப்போ திரும்பப் பாடு. ஆனா ஃப்ரிட்ஜ் அணையாது, டீச்சருக்கு நாளைக்குத் தர வேண்டிய புதுக் கேக் உள்ள இருக்கு."

சனிக்கிழமை காலை எட்டு மணி. மைக்கை வைத்தாள். 'ம்ம்ம்' என்று ஃப்ரிட்ஜ். கழற்றினாள், நகர்த்தினாள், போர்வையைத் தொங்கவிட்டாள். எதுவும் பலிக்கவில்லை. நான் நகத்தைக் கடித்தேன். பிறகு அக்கா தரையில் உட்கார்ந்து, கிட்டாரின் தடித்த கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். கம்பியின் சுருதியும் ஃப்ரிட்ஜின் ரீங்காரமும் ஒன்றாகும்வரை தளர்த்தினாள். "இது கூடவே பாடட்டும்" என்றாள்.

இரண்டாவது சரணத்தின் நடுவில் ஃப்ரிட்ஜ் தானாக ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அது அப்படித்தான், குளிர்ந்ததும் நிற்கும். அக்கா குரலுக்குக் கீழே இருந்த தரையை யாரோ உருவியது போல் இருந்தது. குரல் நடுங்கியது. நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா கரண்டியோடு வாசலில் நின்றாள். நடுங்கிய குரலிலேயே கோட்டைத் தாண்டி, கடைசி வரியை முடித்தாள்.

"நடுவுல பிசிறடிச்சது. இன்னொரு தடவை."

"பத்து நிமிஷம் ஆச்சு" என்றாள் அம்மா. "அனுப்பு."

அனுப்பினாள். செருப்பு மாட்டும்போது தாடிக்காரரின் பதில் வந்தது. அக்கா சத்தமாகப் படித்தாள்: "முழுசா இருக்கு, நல்லா இருக்கு. முதல் பாதியில ஏதோ இரைச்சல். எடுத்துட முடியுமா?"

தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். 'முடியாது' என்று இருந்தது.

அவர் பதில் வந்தது: "சரி. ஞாயிறு வந்துடும்மா."

அக்கா எழுந்தாள். ஒரு செருப்பை மட்டும் மாட்டியபடி சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். விளக்கு எரிந்தது. தட்டுக்கு அடியில், பாட்டிலுக்குப் பின்னால் என்று எதையோ தேடினாள்.

"சாவி உன் கையிலதான் இருக்கு" என்றேன்.

"கதவைச் சாத்துடி, கேக் இருக்கு" என்று அம்மா கத்தினாள்.